மாப்பிள்ளை போட்ட வயரிங்

"இந்த வேலையைச் செஞ்ச புண்ணியவான் யாருங்க? அவர் கையை ஒரு தடவை பார்க்கணும்" என்றார் எலெக்ட்ரீஷியன், கழற்றிய சுவிட்ச் போர்டு மூடியைத் தரையில் வைத்தபடி.

"எங்கக்கா புருஷன்" என்றாள் சின்னவள். "கை இன்னும் முழுசாத்தான் இருக்கு. எங்களுக்கும் அதுதான் ஆச்சரியம்."

சமையலறை வாசலில் நின்ற அம்மா, "மெதுவாப் பேசுடி. மாப்பிள்ளை காதுல விழப்போகுது" என்றாள். மாப்பிள்ளை இருந்ததோ அடுத்த ஊரில்.

சின்னவள் வேலை பார்க்கும் இடத்தில் லீவு போட்டுவிட்டு வந்ததே இதற்குத்தான். அம்மா தனியாக இருக்கும் வீடு. ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுரீரென்கிறது என்று துண்டைச் சுற்றிக்கொண்டு திறக்கிறாள். ஹால் சுவிட்சை மரக்கரண்டிக் காம்பால் தட்டிப் போடுகிறாள். ஏனம்மா இப்படி என்றால், பழகிவிட்டது என்கிறாள். ஷாக் அடிப்பதற்கும் பழகிக்கொள்ள இந்த அம்மாக்களை விட்டால் ஆளில்லை.

மாப்பிள்ளைக்குத் துணிக்கடையில் சூப்பர்வைசர் வேலை. ஆனால் வயரைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டைப் புதுப்பித்தபோது, நான் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். அன்று பிடித்தது சனி. மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். ஒரு மாதம் ஃபேன் நிற்கும், ஒரு மாதம் டியூப்லைட் கண்ணடிக்கும்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் செய்தால் கடையில் அன்றைக்குத்தான் ஸ்டாக் எடுப்பார்கள். மனைவியைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பவும் மாட்டார்; அது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். அதுவே ஃபேன் நின்றுவிட்டது, நீங்கள் வந்தால்தான் ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்த ஞாயிறே ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்து நிற்பார். டார்ச் பிடிக்கப் பெரியவள், புகழ்ந்து பேச அம்மா. "மாப்பிள்ளை கை பட்டாத்தான் எரியுது" என்பாள் அம்மா, கூச்சமே இல்லாமல். பல்பு எரிகிறதோ இல்லையோ, அவர் முகம் எரியும்.

ஏன் மறுபடி மறுபடி கெட்டுப்போகிறது என்று சின்னவள் ஒருமுறை கேட்டே விட்டாள். இந்தத் தெருவுக்கு வருகிற கரண்டே சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கரண்ட் கோணல்.

எலெக்ட்ரீஷியன் ஒவ்வொரு மூடியாகக் கழற்றக் கழற்ற மாப்பிள்ளையின் மானம் ஒவ்வொன்றாய்க் கப்பலேறியது. எர்த் கம்பி என்ற ஒன்றை எங்குமே இழுக்கவில்லை. ஃப்ரிட்ஜ் பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டை வெறும் அழகுக்கு. கம்பிகளைக் கையால் முறுக்கிவிட்டு, டேப்புக்குப் பதிலாகக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார்.

"வயருக்கு அடிபட்டிருக்கும்" என்றாள் சின்னவள்.

எலெக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. போர்டுக்குள் எட்டிப் பார்த்து, "மத்தது கூடப் புரியுது. ஸ்க்ரூ எல்லாம் இவ்வளவு லூசா இருக்கே. இறுக்க மறந்துட்டாரா?" என்றார்.

"மறக்கறதுக்கு முதல்ல தெரிஞ்சிருக்கணுமே."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், ஹால் போர்டை மட்டுமாவது அப்படியே விட்டுவிடுங்கள், மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று எலெக்ட்ரீஷியனிடமே கெஞ்சினாள்.

சின்னவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு நாள் ஷாக் அடிச்சு நீ போய்ச் சேருவே. அன்னைக்கும் அவர் மாலையோட வந்து, கரண்ட் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போவார். நீ பேசாம உள்ளே போம்மா."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. சின்னவள் ஃப்ரிட்ஜை வெறுங்கையால் தடவிப் பார்த்தாள். சாதுவாக இருந்தது. இனி பல வருஷத்துக்கு இதில் யாரும் கை வைக்க வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார் எலெக்ட்ரீஷியன். அம்மா இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் அத்தோடு விடவில்லை. அக்கா வீட்டுக்குப் போன் போட்டு, எல்லாம் சரி பண்ணியாச்சு, இனி அத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்றாள். போனை எடுத்தது அத்தானேதான்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அவர். "இனிமே அங்க நமக்கு என்ன வேலை?" போனை வைத்துவிட்டார். மூக்கறுபட்டவன் பேச்சு எப்படி இருக்கும் என்று சின்னவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். இரவு தலைக்கு மேல் ஃபேன் முனகலில்லாமல் சுற்ற, வெற்றிக் களிப்பில் தூங்கிப்போனாள்.

காலையில் வேர்த்து விழித்தாள். ஃபேன் நின்றிருந்தது. புது வயரிங் ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லையா? அந்த எலெக்ட்ரீஷியனை மனசுக்குள் திட்டியபடி ஹாலுக்கு வந்தாள்.

ஹால் போர்டின் புது மூடி தரையில் கிடந்தது. ஸ்டூலின் மேல் அம்மா. கையில் ஸ்க்ரூடிரைவர். நெடுநாள் பழகிய கை போல, ஒரு ஸ்க்ரூவை நிதானமாகத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"பயப்படாதே. எப்பவும் மெயினை அணைச்சிட்டுத்தான் ஏறுவேன்" என்றாள் அம்மா, திரும்பாமலே. "பெரியவளைப் பார்த்து ஒரு மாசமாச்சுடி."