சீலை கட்டாத கார்

ஜும்ஆ முடிந்து சனம் கலைந்த பிறகு, பள்ளிவாசல் விறாந்தையில் ஊர் வழக்குகளை விசாரிக்கிற மூன்று மரைக்காயர்மார் இருந்தார்கள். எதிரே வாடகைக் கார்க்காரர் சீனிமுகம்மது நின்றார். அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

முறைப்பாடு வைத்தவர் பக்கீர் முகைதீன்.

"எண்ட பொஞ்சாதியும் மகளும் சம்மாந்துறைக்குப் போனாங்க. கார்க் கண்ணாடி நாலுக்கும் நானே சீலை கட்டி அனுப்பினன். ரெண்டு கட்டை தூரம் போகல்ல, இவர் காரை நிப்பாட்டி நாலையும் அவிழ்த்துப் போட்டிருக்கார். கண்ணாடியையும் இறக்கி விட்டிருக்கார். வயல்ல நிண்ட ஆம்புளையெல்லாம் பார்த்திருக்கான்."

"ஏன் அவிழ்த்த?" என்று ஒரு மரைக்காயர் கேட்டார்.

"காத்து வரணுமெண்டு."

"காத்து ஆருக்கு? அவங்களுக்கா, உண்ட கண்ணுக்கா?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"புகை உள்ளுக்க வருது. அவவுக்குத் தலை சுத்தினது. கேட்டுப் பாருங்க" என்றார் சீனிமுகம்மது.

"அவளுக்கு எந்தக் காரில ஏறினாலும் தலை சுத்தும்" என்றார் பக்கீர் முகைதீன்.

நடுவில் இருந்த மரைக்காயர் அப்துல் ஸமட் ஹாஜியார் அப்போதுதான் வாய் திறந்தார். கல்முனையில் மோட்டர் சாமான் கடை வைத்திருப்பவர். மெதுவாகத்தான் கதைப்பார்.

"சீனி, உண்ட காருக்குப் போன மாசம் அம்பாறையில பரிசோதனை நடந்தது தானே?"

"ஓம், ஹாஜியார்."

"புகை பார்த்தாங்களா? சத்தம் பார்த்தாங்களா?"

"ரெண்டும் பார்த்தாங்க."

"பாஸா?"

"பாஸ்."

"அப்ப பழுது காரில இல்ல."

சீனிமுகம்மது ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"பட்டறைச் செல்லத்தம்பிக்கிட்ட வேற புகைக்குழாய் போட்டுக்கொண்டிருக்கன். முன்பாதி முடிஞ்சி. பின்பாதியும் முடியிற வரைக்கும் எனக்குச் சீலை கட்ட ஏலா."

"பாஸான காருக்கு என்னத்துக்கு வேற குழாய்?" என்றார் ஹாஜியார்.



ஊர்ப் பெண்கள் இனிச் சீனிமுகம்மதுவின் காரில் ஏறக் கூடாது என்று முடிவு எழுதப்பட்டது. அவருக்குக் கிடைக்கும் பத்து ஓட்டத்தில் ஏழு, பெண்களை ஆஸ்பத்திரிக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் கொண்டு போகிற ஓட்டம். மூன்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கார் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பாண்டிருப்பில், செல்லத்தம்பியின் பட்டறையில் பின்பாதியும் முடிந்தது. புதுச் சாமான் இல்லை. சம்மாந்துறை அரிசி மில்லில் கழித்துப் போட்ட உழவு மெசினின் சைலன்சரை வெட்டி, உள் தகட்டை மாற்றி, ஒட்டியிருந்தார் செல்லத்தம்பி. காரின் அடித்தகட்டில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்திருந்தார். குழாயின் வாலில் ஈரச் சாக்கைத் திணித்து, எஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரத் தண்ணி பூசிப் பார்த்தார். ஒரு குமிழும் வரவில்லை.

"சத்தம் கொஞ்சம் தடிப்பு. ஆனா அடுத்த வருசம் உங்கட சொந்தக் குழாயோடயே பரிசோதனைக்குப் போகலாம் காக்கா."

"அது போதும்."

"இதைப் போட்டது நல்லம். சீலை கட்டி மூடின காருக்குள்ள அந்தப் புகை நிண்டா நித்திரை வாற மாதிரித்தான் இருக்கும். பிறகு எழும்ப மாட்டாங்க." செல்லத்தம்பி கையைத் துடைத்தார். "அம்பாறைக்குப் பூட்டிக்கொண்டு போன சைலன்சர் ஆருடையதெண்டு பள்ளியில சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லுற? ஸ்டாண்டில நிக்கிற நாலு காரும் ஒரே சாதிக் கார். நாலும் அந்த ஒரு சைலன்சரைத்தான் வாடகைக்கு எடுத்துப் பூட்டிப் பாஸாகுது. அடுத்த நாள் கழட்டிக் குடுத்துட்டுப் பழைய ஓட்டைக் குழாயைப் பூட்டுறம். சொன்னா நாலு குடும்பம் றோட்டுக்கு வரும்."

"இப்ப ஒரு குடும்பம் வந்திட்டுது."

சீனிமுகம்மது காரை எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலை, அப்துல் ஸமட் ஹாஜியாரின் கடை வாசலில், ஸ்டாண்டில் நிற்கும் நாலு காரில் ஒன்றான ஜெமீலின் கார் வந்து நின்றது. ஹாஜியாரின் மகள் நதீராவுக்கு இது பிள்ளை பிறக்கிற மாதம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருபத்தைந்து கட்டை. அவள் பின் சீட்டில் ஏறி இருந்தாள். நாலு கண்ணாடிக்கும் சீலை கட்டியிருந்தது.

ஜெமீல் ஒரு சாக்குப் பொட்டலத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"இந்தாங்க ஹாஜியார், உங்கட சைலன்சர். நேத்துப் பரிசோதனை பாஸ்."

ஹாஜியார் அதை எடுத்து, சுவரில் அதற்கென்று அடித்திருந்த ஆணியில் மாட்டினார். மாட்டிய கையோடு திரும்பிக் காரைப் பார்த்தார்.

"இப்ப காரில கிடக்கிறது?"

"பழையதுதான்."

ஹாஜியார் வாசலுக்குப் போனார்.

"நதீரா, இறங்கு மகள்."

ஆள் அனுப்பிச் சீனிமுகம்மதுவைக் கூப்பிட்டார். அவர் வந்தார்.

"உண்ட குழாய் முடிஞ்சா?"

"நேத்து முடிஞ்சி."

"இவளை மட்டக்களப்புக்குக் கொண்டு போ."

"எண்ட காரில பொண்டுகள் ஏறப்படாதெண்டு..."

"அது ஊருக்கு."

சீனிமுகம்மது தன் காரைக் கடை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். பிறகு நதீராவுக்குக் கதவைத் திறந்தார்.

"சீலை கட்டவா, ஹாஜியார்?"

"வேணாம். கண்ணாடியையும் இறக்கி விடு."

கார் தடித்த சத்தத்தோடு போய் மறைந்தது. ஜெமீல் தலையைச் சொறிந்தார்.

"அப்ப எனக்கு ஓட்டம் இல்லையா, ஹாஜியார்?"

"ஏன் இல்ல? பக்கீர் முகைதீன்ட பொஞ்சாதி சம்மாந்துறைக்குப் போக நிக்கிறா. அவவ ஏத்து. அந்த ஆள் முறைப்பாடு வைக்கிற ஆள், சீலையை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டு."