கண்ணுக்குள் அடித்த வெயில்

"அந்தக் கொலைகாரன் எதுக்குலே இங்கன வந்தான்?"

முனியசாமி போட்ட சத்தத்தில், அக்காள்மடம் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உக்கிரபாண்டி கதவோரம் நின்றுகொண்டான்.

போன வருஷப் புயலில், காற்று ஓய்ந்த மாதிரி இருந்த நேரம் பார்த்து, மீன்பிடி வல்லத்தைப் பத்திரமாகக் கட்டிவரத் தம்பி நாகநாதனை அனுப்பியவன் அவன் என்பது ஊர்ப் பேச்சு. தம்பி திரும்பவே இல்லை. "நாந்தான் போகச் சொன்னேன்" என்று அவனே ஊர் முன்னால் ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து யாரும் அவனைக் கடலுக்குக் கூட்டிப் போவதில்லை. தம்பி பெண்டாட்டி ராமலெட்சுமி பேச்சையே விட்டுவிட்டாள். சோறும் சரியாக இறங்குவதில்லை. பின்னே, புருஷனைச் சாக அனுப்பியவனோடு ஒரே வீட்டில் இருந்தால் எப்படி இறங்கும்?

புயலைப் பற்றி விளக்க மதராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி ராமசுப்பிரமணியன், ஒரு பெரிய படத்தை ஆணியில் மாட்டினார்.

"போன வருஷம் உங்களை அடிச்ச புயல் இதுதான். வானத்துல சுத்துற செயற்கைக்கோள் எடுத்த படம்."

கூட்டம் வாயைப் பிளந்தது. ஊரையே விழுங்கிய சனியன், படத்தில் வெள்ளைச் சுருளாய்ச் சாதுவாகப் படுத்திருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு.

"இதான் புயலோட கண்ணு. இது நம்ம தலைக்கு மேல வரும்போது காத்து நின்னுடும். வெயில்கூட அடிக்கும். கண்ணு தாண்டினதும் எதிர்ப்பக்கத்துலேருந்து திரும்பவும் அடிக்கும் பாருங்க, ஆளையே தூக்கிரும்."

"ஆத்தே! அன்னைக்கும் வெயிலடிச்சுச்சே!" என்று ஒருத்தி அலறினாள்.

உக்கிரபாண்டி முன்னால் வந்தான்.

"அய்யா, அந்த வெயில நம்பி ஒருத்தரக் கடக்கரைக்குப் போகச் சொல்லியிருந்தா... அது குத்தமுங்களா?"

"குத்தமே இல்லப்பா. இந்தக் கண்ணைப் பத்தித் தெரியாம இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

முனியசாமிக்கு முகம் செத்துவிட்டது. வருஷம் பூரா ஏசிய வாயாயிற்றே!

"ஏப்பா, எங்கள மன்னிச்சிருப்பா" என்று உக்கிரபாண்டியின் கையைப் பிடிக்கப் போனான்.

உக்கிரபாண்டி அதைக் கவனிக்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பெண்கள் பக்கம் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்த ராமலெட்சுமியிடம் ஓடினான்.

"கேட்டியா தாயி? நீ அவனப் போகச் சொன்னது குத்தமே இல்லையாம். இனியாச்சும் வயிறாரச் சாப்பிடு தாயி!"