கெங்கின் வெள்ளை

“திருட்டுப் படத்தை மாட்டி வெச்சுட்டு நாளைக்குத் திறப்பு விழா வேறயா? முதல்ல அதைக் கழட்டுங்க மேடம்!”

உள்ளே வந்த டௌ உட்காரக்கூட இல்லை. பெய்ஜிங்கில் ஓவியம் வாங்குகிறவர்களில் அவர் தலையாட்டினால் பத்துப் பேர் வாங்குவார்கள். அவர் முகம் சுளித்தால் அந்தப் பத்துப் பேரும் திரும்பிப் போய்விடுவார்கள்.

கேலரியின் சொந்தக்காரர் ஃபூ யுன்ஜென், ஏணி மேல் ஆணி அடித்துக்கொண்டிருந்த ஆளை இறங்கச் சொன்னார். பன்னிரண்டு வருடமாகப் புதியவர்களின் படங்களை மட்டுமே மாட்டுகிற கேலரி அது. திருட்டு என்ற சொல் இதுவரை அங்கே கேட்டதில்லை.

“எது திருட்டு?”

“அதோ, அந்தக் குளியல்கூடத்துப் படம். ஆவி ஆவியா ஒரு வெள்ளை போட்டிருக்கே, அது யாரோடது? கெங் வாத்தியாரோடது! அவர் வரைஞ்ச உறைஞ்ச ஆறு என் வீட்டு ஹால்ல தொங்குது. ஈரம் காயறதுக்குள்ள வாங்கினது. ஏழு வருஷமா அதைப் பார்த்துக்கிட்டேதான் காலைக் கஞ்சி குடிக்கிறேன். அந்தக் கை எனக்குத் தெரியாதா?”

யுன்ஜென் படத்தின் அருகே போனார். வெள்ளை மேல் வெள்ளை. கத்தியால் சுரண்டி, பூசி, மறுபடி சுரண்டி... ஆவிக்குள்ளே ஒருத்திக்கு ஒருத்தி முதுகு தேய்த்துவிடும் பெண்கள். இந்தப் படத்தைப் பார்த்த அன்றே மாட்டுவதென்று முடிவு செய்திருந்தார். ஆனால் டௌ சொல்வதும் பொய்யில்லை. கெங் போயுவானின் வெள்ளையைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் யார்?

மூலையில் நின்றிருந்த மியாவ் லிஜுவானைக் கூப்பிட்டார். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் பெயர் போட்டு ஒரு படம் சுவரேறுவது இதுதான் முதல் தடவை.

“கெங் வாத்தியார்கிட்ட எத்தனை வருஷம் வேலை பார்த்தே?”

“பதினோரு வருஷம் அக்கா.”

“என்ன வேலை?”

“பெயின்ட் கலக்குறது... பிரஷ் கழுவுறது...”

“கழுவுறப்போ கொஞ்சம் கையில ஒட்டிக்கிச்சாக்கும்!” டௌ சிரித்தார். “எங்க தெருவுல புதுசா நூடுல்ஸ் கடை போட்டவன்கூட பழைய முதலாளியோட சூப்பை அப்படியே ஊத்த வெட்கப்படறான்.”

லிஜுவானின் காது சிவந்தது.

“சொல்லு லிஜுவான். இது உன்னோடதுதானே?”

“என்னோடதுதான் அக்கா.”

“அப்ப வாத்தியாரோட வெள்ளை உன்கிட்ட எப்படி வந்துச்சு?”

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாயைத் திறடி!”



“எப்படித் திறப்பா? இந்தப் படம் போட்ட அழைப்பிதழ் போன்ல வந்ததுலேருந்து குட்டி கெங், குட்டி கெங்னு ஊரே கிழிக்குது,” என்றார் டௌ. “இது தொங்கினா நாளைக்கு நான் வரமாட்டேன். எங்க ஆளுங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. மத்த எட்டுப் பேரோட படத்தையும் நீங்களே உட்கார்ந்து பார்த்துக்குங்க.”

யுன்ஜென் மற்ற சுவர்களைப் பார்த்தார். ஒரு படம் ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன் வரைந்தது. இன்னொன்றை வரைந்தவள் மூன்று வருடம் ஜன்னல் இல்லாத அறையில் வாடகைக்கு இருந்தவள். எட்டுப் பேரும் நாளைக்காக ஊரிலிருந்து பெற்றவர்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

“கழட்டிடுங்க அக்கா,” என்றாள் லிஜுவான். “என்னால அவங்க கெட வேண்டாம்.”

“மாட்டினது நான். கழட்டணும்னா காரணம் எனக்குத் தெரியணும்.”

“காரணத்தைக் கார்லயே கூட்டிட்டு வந்திருக்கேன்,” என்றார் டௌ.

கதவைத் திறந்தார்கள். தெருவோரப் பாப்லர் மரங்களிலிருந்து பறந்து வந்த பஞ்சோடு கெங் போயுவானும் உள்ளே வந்தார். எழுபத்தாறு வயது. இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள். லிஜுவான் ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்து வாசற்படி தாண்ட வைத்தாள்.

“பயம் வந்தா பணிவும் வந்துடுது பாருங்க,” என்றார் டௌ.

கெங் படத்தின் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். அப்புறம் பக்கத்துப் பெயர்ச்சீட்டை மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, “மியாவ் லிஜுவான்” என்று சத்தம் போட்டே படித்தார்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க வாத்தியாரே. இப்பவே இறக்கிடுவாங்க.”

“சொல்லத்தானே வந்திருக்கேன்.”

“வேண்டாம் வாத்தியாரே!” லிஜுவான் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். “நானே இறக்கிடறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்.”

“பாத்தீங்களா மேடம், எப்படிக் கெஞ்சறா!”

“இப்படிக் கெஞ்சிக் கெஞ்சித்தான் இத்தனை வருஷமும் என் வாயை அடைச்சா,” என்றார் கெங்.

வலது கையைப் பையிலிருந்து எடுத்து டௌவின் முகத்துக்கு நேரே நீட்டினார். கை வெடவெடவென்று ஆடியது. இடது கையால் அதைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின.

“ஒன்பது வருஷமா இப்படித்தான். டீக் கிண்ணத்தைக்கூட நேராப் பிடிக்க முடியாது.”

கெங் நிமிர்ந்து, பெற்ற மகளின் பரிசுக் கோப்பையைக் காட்டுகிறவர் மாதிரி, லிஜுவானைக் கண்ணால் காட்டினார்.

“உங்க ஹால்ல தொங்குற ஆறு இவ வரைஞ்சது, டௌ. கீழ் மூலையில ஒரு கையெழுத்து கோணல்மாணலா இருக்கும், வீட்டுக்குப் போய்ப் பாருங்க. அது மட்டும்தான் என்னோடது.”