மச்சம் பட்ட போறணை

நல்லூர் முருகன் கோயிலில் கொடியேற ஐந்து நாள் இருக்கும்போது அச்சுவேலி ஏரம்பருக்குத் திடீரென்று ஞானம் வந்தது.

"உந்தப் போறணையைக் கழட்டவேணும். உதுக்குள்ளை மீன், இறைச்சி எண்டு மச்சம் பட்டிருக்கு."

சமையலறைச் சுவர் அலுமாரிக்குள் பொருத்திய, இறைச்சி வாட்டும் கரண்டுப் போறணை அது. மகன் வாகீசன் கொழும்பிலிருந்து அனுப்பி இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆகிறது. ஒரு பழுதும் இல்லை. இதுவரை ஏழு கோழி அதற்குள் வெந்திருக்கிறது. ஏழிலும் காலைத் தின்றவர் ஏரம்பர்.

மனைவி பாலேஸ்வரிக்குப் பெரிய சந்தோசம். திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் அந்த வீட்டில் மீனுமில்லை, முட்டையுமில்லை. மீன்சட்டி எல்லாம் பின்கொட்டிலுக்குப் போய்விடும். சுவரோடு இருக்கும் போறணையை எங்கே கொண்டுபோவது? போன இரண்டு வருடமும் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சமாளித்தார். இந்த வருடம் புருசனுக்கே பக்தி முற்றிவிட்டது.

மருமகள் கஜானிக்குத்தான் வேறு கவலை. ஆறு மாதக் கர்ப்பிணி. இரத்தத்தின் அளவு எட்டுப் புள்ளி இரண்டு, குறைந்தது பதினொன்று வேண்டும். தினமும் மீனோ முட்டையோ சாப்பிடாவிட்டால் பிள்ளைக்குக் கூடாது என்று மருத்துவமாது சொல்லியனுப்பியிருந்தார். பயந்து பயந்து அதை மாமியாரிடம் சொன்னாள்.

"இருபத்தைஞ்சு நாள் கீரை திண்டு ஒருத்தரும் சாகேல்லைப் பிள்ளை. முருகன் பாப்பார்."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஏரம்பர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அடுத்த நாள்தான் அவர் கண்ணுக்குப் போறணையில் மச்சம் தெரிந்தது.

குருநகர் ஜெரிசன் புதுப் போறணையைப் பொருத்த வந்தான். பழையதைத் திறந்து மூடிப் பார்த்தான்.

"ஐயா, இதுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை."

"வருத்தம் இல்லைத் தம்பி. ஆசாரம் இல்லை."

"அப்ப சுவரிலையும் மணம் ஊறியிருக்கும். அதையும் இடிப்பமோ?"

ஏரம்பர் சிரிக்கவில்லை. நாடாவைப் பிடித்து அளந்து, புதியது இடப்பக்கம் அரைச் சென்ரிமீற்றர் சரிவு என்றார். ஜெரிசன் எட்டு ஆணியையும் கழற்றி மறுபடி முடுக்கினான்.

வேண்டாத சாமானென்றால் தனக்குத் தரலாமே என்று போகிற நேரம் கேட்டுப் பார்த்தான். ஏரம்பர் மறுத்துவிட்டார். மீன்சட்டிகள் இருக்கும் பின்கொட்டிலில் அதை வைக்கவேண்டும், கிணற்றடியிலிருந்து வயர் இழுத்து அங்கே ஒரு பிளக்கும் போடவேண்டும் என்றார். ஜெரிசன் தலையைச் சொறிந்துகொண்டு வயர் இழுத்தான்.

கொட்டிலுக்குள் என்னத்துக்குக் கரண்டு என்று பாலேஸ்வரி கேட்டார். சும்மா கிடந்தால் உள்ளே துருவேறிக் கறல் பிடிக்குமாம், தினம் அரை மணித்தியாலம் சூடாக்கவேணுமாம், கொடி இறங்கின அடுத்த நாள் கோழிக்கு என்ன செய்வது என்று ஏரம்பர் திருப்பிக் கேட்டார்.

அது பாலேஸ்வரிக்கும் நியாயமாகவே பட்டது. ஆனால் விரதக்காரி மச்சச் சாமானைத் தொடலாமா? அந்த வேலையை மருமகள் தலையில் கட்டினார்.

கொடியேற்றத்தன்று விடிய ஐந்தரை பஸ்ஸில் பாலேஸ்வரி நல்லூருக்குப் போனார். ஏரம்பர் கஜானியைப் பின்கொட்டிலுக்குக் கூப்பிட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வெறுமையா ஓடவிட்டாப் பழுதாப்போகும் பிள்ளை. மீன்கார யாகப்பு இருபத்தைஞ்சு நாளும் காலமை பின்வேலியாலை ஒரு பாரைத் துண்டு தருவான். அதை உள்ளுக்கை வைச்சு ஓடவிடு."