கிரகோரி அண்ணனின் காது

"ஆயிரத்து முந்நூத்தம்பது வெள்ளி அண்ணே. மறக்கல. ஓவர்டைம் காசு வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்."

செருப்பைக் கழற்றும்போதே சுகுமாறன் சொல்லிவிட்டான். மோட்டார் சைக்கிள் எஞ்சின் போனபோது வாங்கிய கடன், ஐந்து மாதமாகிறது. பலகைத் தொழிற்சாலையில் போன மாதம் ஆள் குறைத்ததில் தன் வேலையே போய்விட்டதை மட்டும் அவன் சொல்லவில்லை.

"இப்ப யாருடா கேட்டா? விடு லா," என்றார் கிரகோரி.

"விடறதுக்கு நான் என்ன கோயில் வாசல்லயா உக்காந்திருக்கேன்? வாங்கினதைக் கொடுப்பேன்."

கிரகோரியின் மனைவி எலைன் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் கிரகோரி என்றால் காது. எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஏசி மாட்டும் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதெல்லாம் காதுக்குள் மாட்டும் இயர்போனுக்கு. யார் வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அதற்கென்றே நாற்பத்து மூன்று பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு.

அன்றும் மேசைமேல் இரண்டு ஜோடி இருந்தன.

"இது ஆயிரத்து எண்ணூறு. இது நாலாயிரத்து இருநூறு. ஒரே கம்பெனி, ஒரே கூடு, ஒரே வயரு. உள்ளுக்குத்தான் வேற. சின்னதுல ஒரு ஸ்பீக்கர். பெரிசுல ஆறு. தபேலாவுல விரல் படுறது தனியா, தோல் அதிர்றது தனியா கேக்கும். மாட்டிப் பாரு."

சுகுமாறன் இரண்டையும் மாட்டிப் பார்த்தான். "ரெண்டுலயும் தபேலாதான் அண்ணே கேக்குது."

"உன் காது பலகை அறுத்த காது."

"அவரு காது நாலாயிரம் வெள்ளிக் காது," அடுப்படியிலிருந்து எலைன் குரல் கொடுத்தாள். "குப்பை லாரி வந்திருச்சு, பையை வெளிய வைங்கன்னா மட்டும் கேக்காது."

சுகுமாறனுக்குச் சிரிப்பு வந்தது. "விலையைப் பாத்துட்டு கதை விடுறீங்க அண்ணே. கண்ணைக் கட்டினா உங்களுக்கும் ரெண்டும் ஒண்ணுதான்."

கிரகோரிக்கு முகம் சிவந்தது. "கட்டுடா. பத்துத் தடவை மாத்தி மாத்தி மாட்டு. நான் தப்பா சொன்னா, ஒவ்வொரு தப்புக்கும் உன் கடன்ல நூத்து முப்பத்தஞ்சு கழிச்சுக்க. சரியா சொன்னா, ஒவ்வொண்ணுக்கும் எனக்கு ஒரு ரொட்டி சானாய்."

சட்டைப்பையில் இருந்தது இருபத்திரண்டு வெள்ளி. பத்து ரொட்டிக்குப் போதும். வேலை இல்லாதவனுக்கு நூற்று முப்பத்தைந்து என்றால் ஒரு வாரச் சாமான். சுகுமாறன் எழுந்து நின்றான்.

"பந்தயம்னா பந்தயம். தோத்த பெறகு பேச்சு மாறக் கூடாது."

"நான் ஏண்டா தோக்கப் போறேன்?"

தன் தோளில் கிடந்த துண்டால் அவர் கண்ணை இறுக்கக் கட்டினான். அடையாளத்துக்குப் பெரியதன் வயர் நுனியில் ஒரு ரப்பர் வளையம். ஒரே பாட்டு. எலைன் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்கு எழுதினாள்.

"அடடா! இது பெரிசு. தபேலா பேசுதுடா."

ரப்பர் வளையம் இல்லை. "தப்பு!"

"அலமாக்! சரி, அடுத்தது... சத்தம் டின்னுக்குள்ள இருந்து வருது. சின்னது."

"இதுதான் அண்ணே நாலாயிரத்து இருநூறு! டின்னு!"

மூன்று தப்பு. நான்கு. ஆறு. சுகுமாறன் துள்ளாத குறைதான். ஒரே ஜோடியை மூன்று முறை தொடர்ந்து மாட்டியும் பார்த்தான். அதுவும் தப்பு. கிரகோரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஒன்பதாவதுக்குப் பாட்டை இரண்டு முறை போடச் சொல்லி, அப்புறம் தப்பாகச் சொன்னார்.

வயர் நுனியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் சுகுமாறன் பத்தாவதை மாட்டினான். இன்னும் நூற்று முப்பத்தைந்து. அதுவும் போனால் நிமிர்ந்து நடக்கலாம்.

கிரகோரி தலையைச் சாய்த்தார். நிமிர்த்தினார். "பெரிசு," என்றார்.

"சின்னதுண்ணே!" சுகுமாறன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

துண்டை அவிழ்த்த கிரகோரி அந்த இயர்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எலைன் தாளில் கடைசிக் கோட்டைப் போட்டு, "கடன் தீர்ந்திச்சு தம்பி," என்றாள்.

"நல்ல டாக்டரா பாத்துக் காதைக் காட்டுங்க அண்ணே. குழுவுல போடவா?"

"போடு, போடு. தோத்தவன் தோத்தவன்தானே."

சுகுமாறன் அந்தத் தாளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். மோட்டாரில் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மனைவி யோகேஸ்வரி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். நான்கு நம்பர் லாட்டரிக் கடையில் சீட்டு அடித்துக் கொடுப்பவள். தன் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிரகோரி மாதிரியே அவளுக்கு நடித்துக் காட்டினான். கைப்பேசி அடங்கவே இல்லை. நாற்பத்து மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'இனிமே அண்ணன்கிட்ட யோசனை கேக்காதீங்கப்பா' என்று ஒருவன் எழுதியிருந்தான்.

யோகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

"பத்துமா தப்பா சொன்னாரு?"

"பத்தும்! ஒண்ணுகூட சரியில்ல!"

அவள் அவன் கண்ணிலிருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள்.

"குருட்டாம்போக்குல சொல்லியிருந்தாலும் நாலஞ்சாவது சரியா வந்திருக்கும்ங்க. பத்தும் தப்பா சொல்லணும்னா, அந்த மனுஷனுக்குப் பத்தும் சரியா கேட்டிருக்கணும்."