சுவரில் மாட்டிய கால்மிதி

ஸ்டூல் ஆடியது. அவள் கண்டுகொள்ளவில்லை. ஜன்னல் திரையை வளையங்களோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

“அப்பா போன் பண்ணினாரும்மா. ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பி மெயின் ரோட்டைத் தாண்டிட்டாங்களாம்,” என்றாள் மகள், குஷன் உறைகளை உருவிக்கொண்டே.

நீலம், வெள்ளை, சிவப்பு. திரையில் அந்த மூன்று பட்டை. குஷனிலும் அதே. மேஜை விரிப்பு, டீ கப்பு, சுவர்க் கடிகாரத்தின் முகம் என எதுவும் தப்பவில்லை. மகன் வேலைக்குப் போன நாட்டின் கொடி. தெருவில் அந்த வீட்டுக்குப் பெயரே ‘எம்பஸி’.

எம்பஸிக்கு இன்று மூடுவிழா.

மகனுக்கு விசாவை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். கையில் ஒரு பெட்டியோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். செருப்பைக் கழற்றி நிமிர்ந்ததும் அந்தக் கொடியே அவன் முகத்தில் அறைய வேண்டுமா?

“உறையெல்லாம் வாஷிங் மெஷின்ல திணி. கப்பையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளு.”

“கால்மிதி?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கால்மிதி தரையில் இல்லை. சோபாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. வாசலில் போடத்தான் வாங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, பிள்ளைக்குச் சோறு போடப்போகிற நாட்டின் கொடியைக் காலால் மிதிப்பதா என்று. நேராகச் சட்டம் போடுகிற கடைக்குக் கொண்டு போய்விட்டாள்.

“சாமி படத்துக்குக்கூட நீ இவ்வளவு பெரிய ஃபிரேம் போடலம்மா,” என்றாள் மகள்.

“வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் பிடி.”

சட்டத்தைத் தூக்கியபோது அந்த மாலை நினைவுக்கு வந்தது. விசா வந்திருந்த நேரம். மகன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தான்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும்.”

“முதல்ல இதைப் பாரு,” என்று கூடத்து விளக்கைப் போட்டாள்.

கொடியோ கொடி. காத்திருந்த சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். அவன் வாயடைத்து நின்றான். பிறகு கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

சட்டம் பீரோவுக்குப் பின்னால் போனது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

பாதி ஆளாக வந்து நின்றான் மகன். மொட்டையாகக் கிடந்த கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். பார்வை சோபாவுக்கு மேலே போய் நின்றது. சட்டம் இருந்த இடம் மட்டும், சுற்றிலும் மங்கிப்போன சுவருக்கு நடுவில், நேற்று வர்ணம் அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

அதை மறந்துவிட்டாள்.

“வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்னு...” என்று ஆரம்பித்தாள்.

அவன் அந்தப் பளிச்சிட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்தான்.

“கழட்டிட்டியாம்மா?”

“பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்டா.”

அவன் கையை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

“அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

அவள் தலையாட்டினாள். அவன் என்ன சொல்ல வந்தான் என்று இத்தனை காலமாக அவள் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

“ஒர்க்‌ஷாப்ல முதலாளி என்னைப் பார்ட்னராச் சேர்த்துக்கறேன்னார். வெளிநாட்டுக்குப் போகலைன்னு முடிவு பண்ணியிருந்தேம்மா. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.”