மல்லிகைப் பூ போட்ட பட்டை

ஷிராஸும் நானும் ஒரே நாளில்தான் தூனிஸ் நகர ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தோம். ஆளுக்கு இருபது நோயாளிகள். வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று இருவரும் தினமும் புலம்புவோம். சேர்ந்த எட்டாம் மாதம் அவள் நிஜமாகவே விலகி, இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள கைரவானில் அத்தையின் இனிப்புக் கடைக்குப் போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

டிரிப் ஊசி மேல் ஒட்டும் பட்டையில், குத்தியவர் தேதியும் பெயரும் எழுத வேண்டும். அவள் போன மறுவாரம், ஏழாம் கட்டில் ஸொஹ்ரா அம்மாவின் கையில் புதுப் பட்டை இருந்தது. அன்றைய தேதி, ஷிராஸின் கையெழுத்து, அவள் எப்போதும் வரையும் மல்லிகைப் பூ.

"யாரும்மா மாத்துனது?"

"காலைல ஒரு பொண்ணு வந்துச்சு மகளே. வலியே தெரியல. நீ குத்துனா உசுரு போவுது."

ஷிராஸுக்குப் போன் போட்டேன். எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஏன்டி அங்க வரேன்? கையெல்லாம் தேனு. நீயும் விட்டுத் தொலைச்சிட்டு வா."

பட்டைகள் தினமும் வந்தன. நோயாளிகள் தினமும் அவளைப் புகழ்ந்தார்கள். மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு நானும் விலகி, மூக்குக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து வார்டுக்குப் போன் செய்தேன். தலைமை நர்ஸ் எடுத்தார்.

"அந்தப் பட்டை இன்னும் வருதா மேடம்?"

"வருதே."

"என் கையெழுத்துல ஏதாவது?"

அவர் எல்லாக் கட்டிலையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இல்லம்மா. நீ பாத்த கட்டில்லகூட ஷிராஸ்தான்."